கழுத்துக்குக் கீழே நான்

இன்று காலை வந்த செய்தித்தாளின் முதல் பக்கத்தில் செய்தியே இல்லை. பக்கம் முழுக்க ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் ஒரு பெண் நிற்கிறாள். நிற்கிறாள் என்று சொல்வதே தப்பு. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, ஒரு முழங்காலை மடக்கி, தலையைத் தோள்மேல் சாய்த்து, ஒற்றை விரலால் கன்னத்தைத் தொட்டபடி தரையில் எதையோ தேடிக்கொண்டிருக்கிறாள். அறுபத்தாறு வயதில் எனக்கு என்ன வந்ததோ, கதவைச் சாத்திவிட்டு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அதேபோல நின்று பார்த்தேன். முழங்கால் வளைய மாட்டேன் என்றது. கழுத்து மட்டும் சரியாகச் சாய்ந்தது. அதைச் சொல்ல எனக்குக் கண்ணாடி வேண்டாம். உடனே உன் நினைப்பு வந்தது. கூடவே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும் வந்தது.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்கிறேன். உன்னிடம் இருந்ததெல்லாம் நல்லதுதான், அதுதானே எனக்குத் தாங்கவில்லை.

தேரடித் தெருவில் நம் ஜவுளிக்கடை முதலாளி முதன்முதலாகப் பெண்களை வேலைக்கு வைத்தது எழுபதுகளின் கடைசியில். புடவைப் பக்கத்துக்கு நாம் இரண்டு பேர். நான் மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையிலிருந்து வருவேன். சின்ன அண்ணன் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடுவான், சாயங்காலம் பெரிய அண்ணன் வந்து ஏற்றிக்கொள்வான். நடுவில் யாரோடு பேசினேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்பார்கள். நீ கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்து நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். அப்பா இல்லாததால் டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாய்.

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் குழி. உனக்குத் தேய்த்துக் கழுவிய வெண்கலச் செம்பு மாதிரி முகம். நான் ஒரு புடவையைத் தோளில் போட்டுக் காட்டினால், "வேற கலர் இருக்காம்மா?" என்பார்கள். அதே புடவையை நீ தோளில் போட்டால் அதையே கட்டித் தரச் சொல்வார்கள். ஒருத்தி என் எதிரிலேயே, "அந்தப் பொண்ண வரச் சொல்லும்மா, இதக் கொஞ்சம் போட்டுக் காட்டட்டும்" என்றாள். நீ வந்தாய், போட்டாய், விற்றாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கண்ணு சரியில்ல அந்தம்மாவுக்கு" என்று முணுமுணுத்தாய். நீ என்னைத் தேற்றும்போதெல்லாம் எனக்கு உன்மேல் இன்னும் கோபம் வரும். இது உனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பம்பாய் மில்காரர்களின் ஏஜெண்டு வரும்போது பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளைக் கடையில் போட்டுவிட்டுப் போவார். எனக்கு அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது. விளம்பரப் பக்கங்களை மட்டும் கிழித்து எடுத்து, வீட்டில் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைப்பேன். புடவைக்காரி, சோப்புக்காரி, நைலான் துணிக்காரி என்று அத்தனை பேரும் வளைந்து, சாய்ந்து, எதன்மேலாவது ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி தூணைப் பிடித்திருப்பாள், ஒருத்தி ஆணின் தோளைப் பிடித்திருப்பாள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. இப்படி நின்றால் முதலில் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இடுப்பிலிருந்து மேலே வருவதற்குள் புடவைக்காரன் வேலை முடிந்துவிடும். எனக்கு வேண்டியது அதுதான். கடை திறப்பதற்கு முன், ஆளுயரக் கண்ணாடி எதிரே அத்தனையையும் நின்று பழகினேன்.

நீ ஒருநாள் பார்த்துவிட்டாய். பொட்டுக்கடலை மென்றுகொண்டே என் கையிலிருந்த பக்கத்தை வாங்கினாய்.

"இன்னாடி இது, இவளுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

"அதான்டி ஸ்டைலு."

"இதோ, பின்பக்கம். இந்த சூட்டுத்துணி விளம்பரத்துல ஆம்பளய பாரு. ரெண்டு காலையும் நல்லா ஊனிக்கினு நிக்கிறான். நேரா நம்மளயே பாக்கறான். இவ மட்டும் ஏன் ஒத்தக் கால்ல நிக்கணும்? யாராவது லேசா தள்ளுனா விழுந்துடுவா."

இருபது வருஷம் கழித்து டிவியில் ஒரு படித்த அம்மாள் இதையே பெரிய பெரிய வார்த்தைகளில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு இது அப்பவே தெரியும்" என்று நான் சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குக் கடை முகப்பில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. மதராஸிலிருந்து ஆள் கூட்டிவர மனம் இல்லை. கடைப்பெண்ணையே நிற்கவைத்து போட்டோ எடுத்து, அதைப் பார்த்து பலகை எழுதும் ஆர்ட்டிஸ்ட் வரைந்தால் போதும் என்றார். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், "நீ வாம்மா" என்று உன்னிடம் சொன்னார். புடவையைச் சரிசெய்ய ஒரு துணை வேண்டும் என்று என்னையும் ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். துணை! உன் கொசுவத்தை நீவிவிடவும், முதுகுப் பக்கம் ரவிக்கையைக் குண்டூசி குத்தி இறுக்கவும் நான்.

ஸ்டுடியோக்காரர் ஒரு பம்பாய் விளம்பரத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். என் டிரங்குப் பெட்டியில் இருந்த அதே பக்கம். "இது மாதிரி நில்லும்மா" என்றார். நீ முயற்சி செய்தாய். கும்பிடப் போன இடத்தில் கால் இடறினவள் மாதிரி இருந்தது. நாலைந்து தடவை பார்த்துவிட்டு நேராக நின்றாய்.

"இப்பிடியே எடுங்க சார். எனக்கு இப்பிடித்தான் நிக்க வரும்."

"இப்பிடி நின்னா பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் வளையேன்."

"எலும்பு இருக்குதுங்களே சார்" என்றாய் நீ. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. எனக்கு வருவதை உன்னிடம் போய்க் கெஞ்சுகிறார்களே என்று.

நடுவில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. நீ ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாய். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், அது உங்கள் வீட்டு வழக்கம். கடையிலும் தினம் அந்த நேரத்துக்குச் சித்தப்பா வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வருவாய். டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, அதனால் சூரியன் மலை முதுகுக்குப் பின்னால் இறங்கினதுமே தெருவெல்லாம் நிழல் விழுந்துவிடும். உனக்கு அதுதான் அஸ்தமனம்.

"எங்க ஊர்ப் பக்கம் இன்னும் வெயில் அடிச்சிக்கினு இருக்கும்டி. ரொம்ப நேரம் இருக்குது. இரு" என்றேன்.

"உங்க ஊரு சூரியன் உனக்கு. எனக்கு இந்த ஊரு சூரியன்" என்று சொல்லி, கடைப் புடவையை அவிழ்த்து மடித்து வைத்து, உன் புடவையைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். நேராக நீ நின்ற போட்டோ ஒன்று மட்டும்தான் அதுவரை எடுத்திருந்தார்.

ஸ்டுடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மெல்ல, "சார், நான் வேணா நிக்கட்டுங்களா? லைட்டு பாத்துக்குங்க" என்றேன். சரி, சும்மா நில்லு என்றார். புடவையைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். இடுப்பு, முழங்கால், கழுத்து, விரல். ஒரு வருஷம் பழகினது. அவர் கேமராவுக்குப் பின்னால் குனிந்தார். பிறகு, "அசையாத. அப்பிடியே இரு" என்றார். என் ஆயுசில் ஓர் ஆண் என்னைப் பார்த்து அசையாதே என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். மூன்று படம் எடுத்தார். மறுநாள் நீ கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "நல்லதாப் போச்சி, எனக்கு இடுப்பு தப்பிச்சுது" என்று கைதட்டிச் சிரித்தாய்.

படங்கள் வந்தபோது முதலாளியும் ஆர்ட்டிஸ்டும் மேசைமேல் பரப்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி உன் படத்தையும் என் படத்தையும் எடுத்து அருகருகே வைத்தார். "நிக்கிறது இது. மூஞ்சி அது. ஒண்ணாக்கிடுங்க" என்றார். ஆர்ட்டிஸ்ட் தலையாட்டினார். கட்டம் போட்டு வரைகிறவருக்கு எந்தக் கட்டத்தில் யார் என்பது ஒரு பொருட்டா? காய்கறி பொறுக்குவதுபோலப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. என் உடம்பையும் எடுத்து உனக்கே கொடுத்துவிட்டார்களே என்று.

பலகை ஏறியது. அப்பா, எவ்வளவு உயரம்! தீபத்துக்கு வந்த கூட்டம் தேரடித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தது. பஸ்காரன் வேகத்தைக் குறைத்தான். காலேஜ் பையன்கள் கடைக்குள் வந்து கைக்குட்டை விலை கேட்டு உன்னை எட்டிப் பார்த்தார்கள். நான் தினமும் எதிர்ப்பக்கத்துப் பூக்கடை ஓரம் நின்று பார்ப்பேன். அந்த இடுப்பு என்னுடையது. அந்த முழங்கால் என்னுடையது. கன்னத்தைத் தொடும் அந்த விரல்கூட என்னுடையது, தொட்டிருப்பது உன் கன்னத்தை. கழுத்துக்குக் கீழே நான். ஊரே பார்த்த அந்தப் பெண் உலகத்தில் எங்கேயும் கிடையாது. ஆனால் பேர் உனக்கு வந்தது.

அதற்கு முந்தின மாதம்தான் உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். வந்தவாசிப் பக்கத்து மனுஷர், பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சனிக்கிழமை கடைக்கே வந்து, தேவையில்லாத இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போனார். துண்டை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று முழுக்க நீ எல்லாருக்கும் தப்புத் தப்பாகப் புடவை எடுத்துக் கொடுத்தாய். தை பிறந்ததும் நிச்சயம் என்று பேச்சு. நீ அவரைப் பற்றிப் பேசும்போது நான் நூல்கண்டை எடுத்துப் பிரித்துப் பிரித்துச் சுற்றுவேன்.

தீபத்து மாட்டுச் சந்தைக்கு எருது வாங்க வந்த வாத்தியாரின் தாய்மாமன் பலகையைப் பார்த்துவிட்டார். இப்படி நிற்கிற பெண் நம் வீட்டுக்கு வேண்டாம் என்று ஆளிடம் சொல்லி அனுப்பினார். உன் சித்தப்பா அன்றைக்குக் கடைக்குள் செருப்போடு வந்தார். முதலாளி காஞ்சிபுரம் போயிருந்தார்.

"மேல நிக்கிறது நீதானா?" என்று கேட்டார்.

நான் உனக்குப் பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி நின்றேன். மடித்த புடவையையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"ஆமா சித்தப்பா, நான்தான்" என்றாய்.

அவர் போன பிறகு கொல்லைப்பக்கம் உன்னை இழுத்துக்கொண்டு போய், "ஏன்டி அப்பிடி சொன்ன?" என்று கேட்டேன்.

"உனக்கு அண்ணனுங்க ரெண்டு பேரு. கொன்னு போட்டுடுவாங்க. எனக்கு சித்தப்பா ஒருத்தரு. கத்துவாரு, அவ்ளோதான். அந்த வாத்தியாரு புத்திசாலி, மாமன் பேச்ச கேக்க மாட்டாரு, பாரேன்."

நீ சொன்னது சரி. அவர் கேட்கவில்லை. இது உனக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாலு நாள் கழித்து அவர் வந்தார். சாயங்காலம், தெருவில் மலை நிழல் விழுந்திருந்தது. நீ சாப்பிடப் போயிருந்தாய். "அவங்க இல்லீங்களா?" என்றார். இல்லை, வர நேரமாகும் என்றேன். வாசல் வரை போய் அண்ணாந்து பலகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணு பாக்கப் போனப்ப அவங்க நின்னத நான் பாத்தேன். நேரா நின்னாங்க, நேரா பாத்தாங்க. எனக்குப் புடிச்சதே அதுதான். இந்தப் படத்துல மூஞ்சி அவங்க மாதிரியே இருக்குது. ஆனா இப்பிடி நிக்கிற மாதிரி பொண்ணு இல்லீங்க அவங்க. நீங்க கூடவே இருக்கறவங்க. நீங்க சொன்னா நம்பறேன். அது அவங்கதானா?"

ஊரில் அத்தனை கண்ணும் பார்த்தது. கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். ஒரு பெண் நிற்பதை வைத்தே அவள் இவள் இல்லை என்று சொல்லும் ஆண் உனக்குக் கிடைத்திருந்தார். எனக்கு அங்கேயே காந்தியது. அதோடு அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார், இப்பிடி நிக்கிற மாதிரி பொண்ணு. நான் அழகு என்று நம்பி ஒரு வருஷம் பழகினது. என் முகத்தை மறைக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி. அதைப் போய் அவர் அழுக்குத் துணியை விரல் நுனியில் பிடிப்பதுபோலப் பிடித்துக் காட்டினார். படம் வரைந்தவனுக்கு அழுக்கில்லை, வரையச் சொன்னவனுக்கு அழுக்கில்லை, நின்றவளுக்குத்தான் அழுக்கு. அண்ணன்கள் பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நிமிஷம் அது ஞாபகம் வரவில்லை. அண்ணன்கள்மேல் பழி போட்டு நான் தப்பித்துக்கொள்ள மாட்டேன்.

"அவளேதாங்க. வேற யாரு இருப்பா?" என்றேன்.

அவர் "சரிங்க" என்றார். போய்விட்டார். நீ திரும்பி வந்து, "யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாய். யாரும் வரவில்லை என்றேன்.

தை பிறந்தது. வந்தவாசியிலிருந்து ஒன்றும் வரவில்லை. நீ முதல் வாரம் பேசிக்கொண்டே இருந்தாய், இரண்டாம் வாரம் பேச்சு குறைந்தது, அப்புறம் ஒருநாள், "அவரும் மாமன் பேச்சக் கேட்டுட்டாரு போல" என்று சொல்லிவிட்டு, இருந்த புடவையை எல்லாம் இறக்கித் திரும்ப அடுக்கினாய். நானும் கூட அடுக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஆனால் பல மாதம் கழித்து அன்று முதல் தடவையாக உன் பக்கத்தில் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

சித்திரையில் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம், திண்டிவனத்துப் பக்கம். எனக்கு அதற்கு முன்னாலேயே ஆகிவிட்டது. நாம் அப்புறம் பார்த்துக்கொண்டது ஒரே தடவை, இங்கே பஸ் ஸ்டாண்டில். நீ கையில் குழந்தையும் தோளில் பையுமாக நேராக நின்றிருந்தாய். "இன்னாடி, இன்னும் வளைஞ்சிக்கினுதான் நிக்கிறியா?" என்று கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது. பஸ் வராமல் இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மகள் என்னை யாரென்று விசாரித்து, கடைச் சிநேகிதி என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் மாட்டியிருந்தது. அந்தப் பலகையின் போட்டோ. பழுப்பேறி, ஒரு மூலை கிழிந்து. யார் எடுத்தது, உனக்கு எப்படிக் கிடைத்தது, தெரியாது.

"அம்மாவோட பொட்டில, துணிக்கு அடியில இருந்துச்சி ஆன்ட்டி. ஒரு நாள்கூட எங்ககிட்ட சொன்னதே இல்ல. நான்தான் பிரேம் போட்டேன். அந்தக் காலத்துலயே இவ்ளோ பெரிய பேனர்ல, இவ்ளோ ஸ்டைலா! எங்கம்மாவ எப்பவும் சமையக்கட்டுலதான் பாத்திருக்கேன். இப்பிடி ஒரு அம்மா இருந்திருக்காங்கன்னு இப்பதான் தெரியுது. என் பொண்ணு இத வாட்ஸப்ல வெச்சிருக்கா."

அன்றைக்கு உன் கல்யாணத்தைக் கெடுத்த அதே இடுப்பு இன்றைக்கு உன் பேத்திக்குப் பெருமை. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வயிறு எரிந்தது. வெட்கமில்லாமல் எரிந்தது. அவமானம் வந்தபோது உன் தலையில் விழுந்தது, சரி. பெருமை வரும்போதும் உன்னிடமே வர வேண்டுமா? என் வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் ஒரு காலத்தில் அப்படி நின்றேன் என்று. தெரிந்தவர்களில் முதலாளி போய்விட்டார், ஸ்டுடியோக்காரர் போய்விட்டார், ஆர்ட்டிஸ்ட் எங்கேயோ. இப்போது நீயும். ஏன் அதைப் பெட்டியில் வைத்திருந்தாய் என்றும் தெரியவில்லை. உன் முகத்துக்காகவா, என் ஞாபகத்துக்காகவா?

வாய் தாங்கவில்லை எனக்கு. "அதுல நிக்கிறது நான்மா" என்றேன். "மூஞ்சிதான் உங்கம்மா. மத்ததெல்லாம் நான். ரெண்டு போட்டோவ ஒண்ணாக்கி வரஞ்சாங்க."

அவள் படத்தைப் பார்த்தாள். என் முகக்குழிகளைப் பார்த்தாள். திரும்பவும் படத்தைப் பார்த்தாள். அவளுக்கு உன் கண். நேராகப் பார்க்கிற கண். அதில் தண்ணீர் கட்டிக்கொண்டு வந்தது.

"நெஜமாவா ஆன்ட்டி? அப்ப இது எங்கம்மா இல்லையா?"

வாத்தியாரைப் போலவே கேட்டாள். நான் சொன்னால் நம்புவாள். ஒரு மாதத்துக்கு முன்னால் தாயைப் பறிகொடுத்தவள், துணிக்கு அடியிலிருந்து புதுசாக ஒரு தாயை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். என் வாழ்நாளில் ஒரு ஆளாவது அந்தப் படத்தைக் காட்டி இது நீ என்று சொல்ல மாட்டார்களா என்று எத்தனை வருஷம் கிடந்து தவித்திருப்பேன், உனக்குத் தெரியுமா?

"சும்மா சொன்னேம்மா. எங்களுக்குள்ள அந்தக் காலத்துல ஒரு கிண்டலு. அது உங்கம்மாவேதான். வேற யாரு இருப்பா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நான் பயந்தே போய்ட்டேன்" என்றாள். காபி கொடுத்தாள். குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

உன்னைப் பற்றி ஒரே பொய்யை இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். முதல் தடவை பொறாமையில் சொன்னேன். இரண்டாம் தடவையும் பொறாமை போகவில்லை, இந்த நிமிஷம் வரைக்கும் போகவில்லை. ஆனாலும் சொன்னேன்.